பாராங் கத்தியோடு ஜீயபுரம் வரை

கப்பலில் இருந்த நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை கத்தி தீட்டியதுதான். மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள், வாந்தி எடுத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். நான் மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, இரண்டடி நீளப் பாராங் கத்தியைச் சீமைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்தில் இறங்கும்போது அதை வைத்து முன்கை மயிரை மழித்துவிடலாம் என்ற நிலை. யாரும் கேட்காமலே இரண்டு பேருக்கு மழித்தும் காட்டினேன்.

பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பிறந்ததும் அங்கேதான். காடு வெட்ட எங்கள் தோட்டத்தில் மலாய்க்காரர்களின் பாராங் கத்திதான் புழக்கம். திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து வந்த ஆட்களோ, "எங்க ஊரு அருவாள் ஒண்ணு இருந்தா இந்தக் காட்டையே வழிச்சுப்புடுவோம்" என்று தினமும் புலம்புவார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்த துரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "உன் ஜனங்கள் சொல்வது உண்மையா, வெறும் வாயா? நீயே போய்ப் பார். உண்மையானால் நூறு அரிவாள் வாங்கி வா" என்று இங்கிலீஷில் உத்தரவு போட்டார். வெறும் வாய் என்று நிரூபிக்கும் உத்தேசத்தோடுதான் நான் பாராங்கைக் கையோடு கொண்டுவந்தேன்.

திருச்சியில் முதல் நாள். ஜங்ஷனுக்கு வெளியே குடித்த காபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக இருக்கும், குடித்தால் தூக்கம் போகும். இங்கே பித்தளை டம்ளரில் நுரையோடு வந்ததைக் குடித்ததும், நாற்பது வருஷமாக நான் குடித்துவந்தது என்ன என்ற சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு டம்ளர் கேட்டேன். கடைக்காரர் என் மடியில் பாராங்கின் பிடி நீட்டிக்கொண்டிருந்த கோணிச் சுருட்டைப் பார்த்துவிட்டு, கேட்ட கையோடு கொடுத்துவிட்டார்.

தங்கின விடுதியில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. "நீங்க தங்கலாம் சார். அது தங்கக் கூடாது" என்றார் மானேஜர். நான் வெளியே போகும்போதெல்லாம் கத்தியும் கூடவே வர வேண்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. இப்படித்தான் மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு நாங்கள் இருவரும் ஜட்காவில் போனோம். பாலத்தில் ஏறியதும் குதிரைக்கு என்ன தோன்றியதோ, நின்றுவிட்டது. வண்டிக்காரர் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் அதன் காதில் ஏதோ ரகசியம் சொன்னார். அதற்குள் காவிரியை நன்றாகப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது. கரை தொட்டு, செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்டூர்ல அணை எழும்பிக்கிட்டு இருக்குதுங்க. அது முடிஞ்சுட்டா இந்த ஆட்டமெல்லாம் அடங்கிடும்" என்றார் வண்டிக்காரர். குதிரையைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் தெற்குக் கோபுரம் மொட்டையாக நிற்கிறது. இடிந்துவிட்டதா என்று கேட்டேன். கட்டவே இல்லையாம். கோபுரத்தடியில் ஒரு ஐயங்கார் என் கோணிச் சுருட்டை உற்றுப் பார்த்தார்.

"ஸ்வாமி எங்கேர்ந்து வரேள்? அதென்ன கையிலே?"

கத்தி என்றேன். எதற்கென்றும் சொன்னேன்.

"பேஷ். பெருமாளுக்கு ஏற்கெனவே அஞ்சு ஆயுதம் உண்டு. ஆறாவதைக் காட்டித்தான் சேவிக்கணும்னு சாஸ்திரம் இல்லை. அந்தப் பூக்கடையிலே வெச்சுட்டு உள்ளே ஏளுங்கோ."

வைத்துவிட்டுப் போய்ச் சேவித்தேன். அரவணைப் பிரசாதம் கிடைத்தது. நெய் முழங்கை வரை வழிந்தது. நவராத்திரி ஆனதால் தாயார் சந்நிதிப் பக்கம் நல்ல கூட்டம், யானைக்கு இருந்த கூட்டம் தாயாருக்கு இருந்ததா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்தபோது பூக்கடைக்கார அம்மாள் என் பாராங்கை வைத்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வெட்டுது" என்று நற்சாட்சியும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஜீயபுரம் ரயில் ஏறினேன். என் அத்தை மகன் மாணிக்கம் அத்தான் அங்கே இருக்கிறார். கடிதத்தில் மட்டும் தெரிந்த உறவு. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். கத்தியைக் கேட்டு வாங்கி, விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தார்.

"ரொம்ப மெலிசா எடுத்திருக்கீங்களே சார். இது தாங்காதுங்க."

ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவருக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஃபிட்டர் கரி அள்ளுவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மாணிக்கம் அத்தான் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். நல்ல உயரம், கொஞ்சம் வாய். என்னைவிடக் கத்தியைத்தான் முதலில் விசாரித்தார். வீட்டில் அவர் மனைவி செல்லம்மாள் அக்கா கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தார். அக்கா அதிகம் பேசமாட்டார். ஆனால் இலையில் சோறு தீரவிடமாட்டார். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை "போதுமா" என்று கேட்பது வழக்கம். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது.

சாப்பிட்ட கையோடு தோட்டம் காட்டினார்கள். காவிரிக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் வண்டல் நிலத்தைப் படுகை என்கிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அதுதான், மண்வளத்திலும் அதுதான் முதல். அதில் மாணிக்கம் அத்தானின் வாழை நின்றது. முந்நூறுக்குமேல் மரம், எல்லாம் தார் தள்ளி, இன்னும் பத்து நாளில் வெட்டுக்குத் தயார். வேறு நிலம் அவர்களுக்கு இல்லை. அந்த வீட்டின் அடுத்த வருஷச் சோறு முழுக்க அந்தத் தார்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கே மச்சான், உங்க சீமைக் கத்தி வித்தையைக் காட்டுங்க" என்றார் அத்தான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். வாழையை வெட்டிக் காட்டினால் அதில் என்ன பெருமை என்று, மரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த காய்ந்த மூங்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஓங்கி ஒரே போடு. மூங்கில் அப்படியே நின்றது. கத்தியின் விளிம்பில் மூன்று பல் போயிருந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. மிகவும் கஷ்டப்பட்டுச் சிரிக்காமல் இருந்தார் என்பதுதான் என்னை வதைத்தது. "பரவாயில்லை மச்சான், மூங்கில் பயந்திருக்கும்" என்றார்.

நாலாம் நாள் பெரிய கடைத்தெருவுக்குப் போனோம். காதர் ராவுத்தர் சாணை பிடிக்கும் கடையைக் கண்டுபிடிக்க வழியே கேட்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு இரண்டே நாள்தான் பாக்கி. ஜில்லாவிலுள்ள அரிவாள், கோடரி, வெட்டுக்கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் அவர் வாசலில் குவிந்து கிடந்தன. பூஜையில் மொட்டைக் கத்தியை வைக்க யாருக்கும் மனம் வருமா?

"வாங்க மாப்ளே!" என்று அத்தானை வரவேற்றார் ராவுத்தர். இரண்டு பேருக்கும் தகப்பனார் காலத்திலிருந்து மாமன் மாப்பிள்ளை முறையாம். என் பாராங்கைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதைத் தீட்டுனது?"

நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"மூஞ்சி மழிக்கவா தம்பி வெச்சிருக்கீங்க? வேலைக்குப் போற கத்திக்கு உடம்பு வேணும். வாயை மட்டும் கூராக்கிட்டு உடம்பைத் தேய்ச்சுட்டீங்களே. மூங்கில்ல போட்டா எப்படி நிக்கும்?"

அத்தான் கடைக்குப் பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கத்தியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ராவுத்தர். பல் போன இடம்வரை தேய்த்து, விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக எடுக்க வேண்டும், பூஜைக் கத்திகள் முடிந்த பிறகுதான் முடியும் என்றார். "பூஜையன்னைக்கு எனக்கு வேலையில்லை, ஊர்க் கத்தியெல்லாம் சாமிகிட்டே இருக்கும். பொரிகடலை சாப்பிட நானே ஜீயபுரம் வரேன், அப்ப கொண்டாரேன்." அன்று மத்தியானம் அவர் வீட்டில் போட்ட பிரியாணியைச் சாப்பிட்டபின் என் மானம் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் சாயங்காலத்திலிருந்தே காற்று. அக்கா வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில் படுகைக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் பாதி மரம் சாய்ந்து கிடந்தது. தார் மட்டும் பத்திரம். "ஒரு நாள் கிடக்கட்டும், ஒண்ணும் ஆவாது. அரிவாளெல்லாம் பூஜைக்கு வெச்சாச்சு. நாளைக்கு விஜயதசமி, கத்தியை எடுத்ததும் வெட்டிடலாம்" என்றார் அத்தான்.

காலையில் பூஜை. கூடத்தில் நாலு அரிவாள், மண்வெட்டி, கோடரி, கலப்பைக் கொழு, கமலைக்கயிறு எல்லாம் வரிசையாக, சந்தனமும் குங்குமமும் பூவும் வைத்து உட்கார்ந்திருந்தன. கோடியில் என் சீமைச் சாணைக்கல்லும் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தது. கப்பலில் அதை நான் ஒருநாளும் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. மறுநாள் மறுபூஜை ஆகும்வரை இவற்றை யாரும் தொடக் கூடாது. படிக்கிற பிள்ளைகள் அன்று புத்தகத்தைத் தொடாமல் இருப்பார்களே, அதே வழக்கம். எங்கள் தோட்டத்தில் ஆயுத பூஜையன்று மத்தியானமே துரை ஆட்களைக் காட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று சொன்னேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சுண்டல் இலையில் விழும்போதே வெளியே தமுக்குச் சத்தம் கேட்டது. மேலே ஆற்றில் பெருவெள்ளம் வருகிறது, பொழுது சாய்வதற்குள் படுகை முழுகிவிடும், ஆடுமாடுகளைக் கரையேற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே தமுக்கு அடிப்பவர் போனார்.

அத்தான் எழுந்து நின்றார். கை தானாகப் பூஜைப் பக்கம் போயிற்று, பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டிலும் அரிவாள் பூஜையில், எதிர்வீட்டிலும் பூஜையில். ஊரில் கறிக்கடைக்காரன் கத்திகூடப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு அரிவாளைச் சுட்டிக்காட்டி, "எடுத்துக்குங்க அத்தான், அவசரத்துக்குப் பாவமில்லை" என்றேன்.

"அக்கரைச் சீமையில உங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான் மச்சான். எங்களுக்கு அப்படி இல்லை" என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

அந்த நேரத்தில்தான் காதர் ராவுத்தர் குடையும் கையுமாக, பொரிகடலை சாப்பிட வந்து சேர்ந்தார். கக்கத்தில் என் பாராங். ஊரிலேயே பொட்டு வைக்காத ஒரே கத்தி அதுதான். அவரை இலையில் உட்காரவிடாமல் இழுத்துக்கொண்டு படுகைக்கு ஓடினோம்.

வெட்டுவதற்குத்தான் தடை, சுமப்பதற்கு இல்லை. ஆகவே தெருவே இறங்கி வந்தது. அத்தான் வெட்டினார், மற்றவர்கள் தாரைத் தோளில் தூக்கிக் கரைமேல் அடுக்கினார்கள். அவருக்குக் கை ஓய்ந்தபோது நான் வெட்டினேன். சாய்ந்து கிடந்த மரங்களின் காம்பெல்லாம் மண்ணும் மணலும் அப்பிக் கிடந்தன. இருபது தார் வெட்டுவதற்குள் கத்தி மொண்ணையாகிவிடும், வாழைக்கறை கோந்துபோல ஒட்டிக்கொள்ளும். என் சாணைக்கல்லோ கூடத்தில் சாமியாக இருந்தது.

ராவுத்தர் கரையில் குந்தி, ஒரு பச்சைப் பனைமட்டையை வெட்டச் சொல்லி முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். இடுப்பிலிருந்த பையில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லை இடித்த பொடி. அதை மட்டைமேல் தூவி, ஈரத்தில் குழைத்து, கத்தியை இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு இழுப்பார். அதற்குமுன் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுக் கறையைத் தேய்த்து எடுத்துவிடுவார். கறையோடு தீட்டினால் கறைதான் கூராகும் என்றார். கப்பலில் இருந்த நாளெல்லாம் நான் செய்ததை அவர் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில், மழையில், சேற்றில் உட்கார்ந்து செய்தார். விளிம்பு மழிக்கிற மாதிரி இல்லை. ஆனால் ஒரு பல்கூடப் போகவில்லை.

"தம்பி, ஓங்காதீங்க. ஓங்குனா உங்க கை வெட்டுது. இழுத்து விடுங்க, கத்தி வெட்டட்டும்" என்று கரையிலிருந்தே ராவுத்தர் கத்துவார்.

தண்ணீர் முதலில் வாய்க்கால் வழியாக மெதுவாகத்தான் வந்தது. பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். சிரிப்பும் கூச்சலுமாக ஆரம்பித்த ஜனங்கள் வாய் மூடி வேலை செய்தார்கள். பாராங்கின் மரக்கைப்பிடி ஈரத்தில் பிளந்தது. ராவுத்தர் கயிறு சுற்றிக் கட்டினார். ஆற்றோரத்துக் கடைசி வரிசையில் நாற்பது தார் பாக்கி இருந்தபோது, கைப்பிடிக்குள் போகும் வால்பகுதியே முறிந்து, கத்தி தண்ணீரில் விழுந்தது. குனிந்து துழாவினேன். கிடைக்கவில்லை.

அத்தான் என் கையிலிருந்த வெறும் கைப்பிடியைப் பார்த்தார். அப்புறம் கரையேறி உட்கார்ந்துவிட்டார். "போகட்டும் மச்சான். இத்தனை வந்ததே பெரிசு" என்றார். மூன்று பல் போனபோது வந்த அவமானம் எல்லாம் இதற்குமுன் ஒன்றுமில்லை.

அப்போது கரைமேல் அக்கா வந்தார். தலையில் கூடை. கூடையில் நாலு அரிவாள், சந்தனப்பொட்டும் பூவும் கலையாமல்.

"தசமி பொறந்தாச்சு" என்றார்.

"நாளைக்குக் காலையிலதானே செல்லம்?"

"உங்க பஞ்சாங்கத்துல. என் பஞ்சாங்கத்துல இப்பவே பொறந்தாச்சு. கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுத்தாந்தேன்."

யாரும் கை நீட்டவில்லை. ராவுத்தர்கூட வேறு பக்கம் பார்த்தார். அக்கா கூடையை இறக்கினார், ஒரு அரிவாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடை ஆழத் தண்ணீரில் இறங்கினார். முதல் தாரை ஒரே இழுப்பில் வெட்டித் தோளில் வாங்கினார். "நிக்கிறீங்களே?" என்று மட்டும் கேட்டார். அத்தான் எழுந்து ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். பாக்கி மூன்று அரிவாளையும் நாங்கள் பிடுங்காத குறையாக எடுத்தோம். என் கைக்கு அரிவாள் அன்றுதான் முதன்முதல் வந்தது. வளைந்த மூக்கு காம்பைத் தானே கொக்கி போட்டுப் பிடித்து வெட்டுகிறது. எங்கள் ஆட்கள் சொன்னது வெறும் வாய் இல்லை.

இருட்டுவதற்குமுன் கடைசித் தாரும் கரையேறியது. படுகை இருந்த இடத்தில் ஆறு ஓடிற்று.

மறுநாள் விஜயதசமி. வீட்டில் நடக்க இடமில்லை. கூடம், முற்றம், மாட்டுக்கொட்டகை எங்கும் வாழைத்தார். நான் இரண்டு தாருக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்து எழுந்திருந்தேன். நூறு அரிவாளுக்கு ராவுத்தர் மூலமாகக் கொல்லரிடம் சொல்லியனுப்பியாயிற்று. துரைக்கு எழுத வேண்டிய கடிதத்தில் பாராங்கின் கதியை எப்படி எழுதுவது என்றுதான் விளங்கவில்லை.

அக்கா விடியுமுன்பே குளித்துவிட்டு, நாலு அரிவாளையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முந்தின இரவு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று அத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு எதையாவது சொல்லி அவரைச் சிரிக்கவைக்காவிட்டால் ஆகாது.

"சாமிகிட்டே மன்னிப்புக் கேட்டாச்சா அக்கா?" என்றேன்.

"இல்லை தம்பி, கேட்கலை. அடுத்த வருஷம் இதே நாள்ல வெள்ளம் வந்தா, அடுத்த வருஷமும் எடுப்பேன்னு சொல்லி வெச்சேன்" என்றார் அக்கா.

சொல்லிவிட்டு, ஏற்கெனவே பொட்டு வைத்த அரிவாளுக்கே இன்னொரு பொட்டு வைத்தார்.